குழி மூடுமுன் எடுக்க வேண்டிய மண்

பெட்ரோல் பங்க் ஒன்றின் நிலத்தடித் தொட்டியை எடுக்கும் வேலை பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடும். மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறார்கள். மேலே இருக்கும் கான்கிரீட்டை உடைக்கிறார்கள். ஜேசிபி சுற்றிலும் தோண்ட, கிரேன் தொட்டியைத் தூக்கி லாரியில் வைக்கிறது. பிறகு மணல் கொட்டிச் சமப்படுத்திவிட்டால் அந்த இடத்தில் கடையோ வீடோ பள்ளிக்கூடமோ எழலாம். தொட்டி வெளியே வந்ததற்கும் மணல் உள்ளே போவதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான், பல ஆண்டுகளாக எரிபொருளுக்கு அடியில் கிடந்த மண்ணை நேராகப் பார்க்கவும் எடுக்கவும் முடியும். அந்த நேரத்தைத் தவறவிட்டால், பின்னால் அதே கேள்விக்கு விடை தேடத் துளையிடும் இயந்திரமும் பல மடங்கு பணமும் வேண்டும். அப்போதும் விடை அரைகுறையாகவே கிடைக்கும்.

தொட்டி அகற்றியபின் செய்யும் மண் சோதனை என்றால் ஆய்வகக் கருவிகளும் அளவு வரம்புகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் இத்துறையின் நாற்பதாண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று உறுதிப்படுகிறது. மண் கெட்டதா இல்லையா என்ற தீர்ப்பு ஆய்வகத்தில் எழுதப்படுவதற்கு முன்பே, குழியின் ஓரத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தில் எடுத்தார்கள், எவ்வளவு விரைவில் மூடி முத்திரையிட்டார்கள், எதைத் தேடச் சொன்னார்கள், எடுத்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற நான்கு கேள்விகளுக்கும் சரியான விடை இல்லாவிட்டால், எவ்வளவு நுண்ணிய கருவியும் பயன்படாது.

இந்தப் பிரச்சினையை மிகப் பெரிய அளவில் சந்தித்த நாடு அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகிய காலத்தில் ஊருக்கு ஊர் முளைத்த எரிபொருள் நிலையங்களில் புதைக்கப்பட்டவை பெரும்பாலும் துருப்பிடிக்காமல் காக்கும் எந்த ஏற்பாடும் இல்லாத வெற்று எஃகுத் தொட்டிகள். 1980களில் அவை வரிசையாக ஓட்டை விழத் தொடங்கின. 1983இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதை நாடறிந்த செய்தியாக்கியது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் நிலத்தடித் தொட்டிகளைக் கட்டுப்படுத்தச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1986இல் கசிவுகளைச் சீர்செய்யத் தனி நிதியம் உருவானது. எரிபொருளின் ஒவ்வொரு காலனுக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி அதற்குப் போனது. 1988 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய தொட்டிகளை 1998 டிசம்பர் 22க்குள் மேம்படுத்த வேண்டும், மாற்ற வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும் என்று அவை பத்தாண்டு கெடு விதித்தன.

அந்த விதிகளில் தொட்டியை நிரந்தரமாக மூடுவது பற்றிய பகுதி சிறியது. ஆனால் இந்த ஆய்வுக்கு அதுவே உயிர்நாடி. மூடுவதற்கு 30 நாள் முன்பு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். வேலை முடியுமுன், மாசு இருக்க அதிக வாய்ப்புள்ள இடத்தில் கசிவு நேர்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். கசிவு தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இங்கே ‘சந்தேகம் இருந்தால்’ என்ற நிபந்தனையே கிடையாது. புகார் வந்திருக்க வேண்டியதில்லை, கிணற்றில் வாடை அடித்திருக்க வேண்டியதில்லை. தொட்டியை மூடுகிறாய் என்பதே சோதிக்கப் போதுமான காரணம். விதிகள் நடைமுறைக்கு வந்தபோது நாட்டில் சுமார் 20 லட்சம் தொட்டிகள் இருந்தன. அந்த விதிகளின் கீழ் இதுவரை 18 லட்சத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டுவிட்டன. உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்தைத் தாண்டின. அவற்றுள் பல, தொட்டியை எடுக்கத் தோண்டியபோதுதான் முதன்முதலாகத் தெரியவந்தவை. கட்டாயம் இல்லாதிருந்தால் அவை மணலுக்கு அடியில் போய், யாரோ ஒருவரின் குடிநீரில்தான் வெளிப்பட்டிருக்கும்.

எங்கே மண் எடுக்க வேண்டும் என்பது எங்கே கசியும் என்பதிலிருந்து பிறக்கிறது. தொட்டியின் உடல் துருப்பிடித்து ஓட்டையாவது ஒரு வழி மட்டுமே. குழாய்களின் இணைப்புகளும் வளைவுகளும் தொட்டியைவிட அடிக்கடி கசிகின்றன. டேங்கர் லாரியிலிருந்து இறக்கும்போது நிரம்பி வழிந்ததும், ஹோஸைக் கழற்றும்போது சிந்தியதும் ஆண்டுக்கணக்கில் நிரப்பு குழாயைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். எரிபொருள் போடும் இயந்திரத்தின் அடிப்பகுதி இன்னொரு இடம். அளவுகோலை நாள்தோறும் தொட்டிக்குள் இறக்கி மட்டம் பார்ப்பதால், அதன் நுனி ஒரே இடத்தில் இடித்து இடித்து அடித்தகட்டைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். இதைத் தடுக்கவே அந்த இடத்தில் தனித் தகடு பொருத்துகிறார்கள். எனவே தொட்டிக் குழியின் நடுவில் மட்டும் மண் எடுத்துவிட்டு ‘சுத்தம்’ என்று எழுதும் அறிக்கை, கசிய அதிக வாய்ப்புள்ள இடங்களைப் பார்க்காத அறிக்கை.

கசிந்த எரிபொருள் மண்ணில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் அறிய வேண்டும். முதலில் அது நேர் கீழே இறங்குகிறது. இறங்கும் வழியெங்கும் மண் துகள்களுக்கு இடையே சிறு சிறு துளிகளாகச் சிக்கிக்கொள்கிறது. அளவு போதுமானதாக இருந்தால் நிலத்தடி நீர்மட்டத்தை எட்டி, தண்ணீரைவிட இலேசானதால் அதன்மேல் படலமாக மிதக்கிறது. மழைக்கு நீர்மட்டம் ஏறி, கோடைக்கு இறங்கும்போது அந்தப் படலமும் ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் எண்ணெயைப் பூசிவிடுகிறது. இந்தப் பூச்சு மண்டலம் பல ஆண்டுகளுக்கு மாசை மெல்ல மெல்ல நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு பங்கு ஆவியாகி மண்ணின் இடைவெளிகள் வழியே பக்கவாட்டில் பரவி, கட்டடங்களின் தரை விரிசல்கள் வழியாக உள்ளே நுழையும். அடுத்த பங்கு நீரில் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் நகரும்.

கரையும் பங்கில் முதலில் அஞ்ச வேண்டியது பென்சீன். மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் குடிநீரில் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் இன்றைய பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த வரம்பையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.7 கிராம் பென்சீன் இருக்கும். அது முழுவதும் நீரில் கரைந்தால், 17 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். நடைமுறையில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைக்கும். ஆனாலும் ‘கொஞ்சம்தான் சிந்தியது’ என்ற பேச்சை ஏன் அப்படியே ஏற்கக்கூடாது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

தொட்டியை எடுக்கும் நாளின் முதல் அக்கறை உயிர்ப் பாதுகாப்பு. காலியான தொட்டி நிரம்பிய தொட்டியைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருக்கும்போது ஒரு பொறி போதும். உலர் பனிக்கட்டியைப் போட்டுக் கரியமில வாயுவால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை விரட்டுவது, அல்லது காற்றைச் செலுத்தி ஆவியை வெளியேற்றுவது வழக்கம். எந்த வழியானாலும் கருவியால் அளந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. இதைப் பற்றி எழுதப்பட்டவை நிறைய, கருத்து வேறுபாடும் குறைவு என்பதால் இங்கே விரிக்கவில்லை.

வெளியே வந்த தொட்டியைச் சுற்றிப் பார்த்து ‘ஓட்டை இல்லை, ஆகவே கசிவு இல்லை’ என்று முடிவு கட்டுவது பழைய பழக்கம். அதை நம்பக்கூடாது. துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். தூக்கும்போது அது உதிர்ந்து, அதுவரை கசியாத தொட்டியும் ஓட்டையாகத் தெரியலாம். மறுபுறம், பழுதற்ற உடலுள்ள தொட்டிக்குப் பக்கத்தில் பத்து ஆண்டு கசிந்த குழாய் இணைப்பு இருக்கலாம். தொட்டியின் நிலையைப் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். தீர்ப்பை மட்டும் மண்ணிடம் கேட்க வேண்டும்.

எந்த மண்ணிடம் என்பதுதான் அடுத்த சிக்கல். தொட்டியைப் புதைக்கும்போது அதைச் சுற்றி மணலோ பொடி ஜல்லியோ நிரப்பியிருப்பார்கள். எரிபொருள் அதன் வழியே விரைந்து ஓடிவிடும், தங்குவது குறைவு. ஆகவே அந்த நிரப்பு மணலைத் தாண்டி, அதற்குக் கீழே கிடக்கும் அந்த இடத்தின் சொந்த மண்ணில் மாதிரி எடுக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் வழிகாட்டுதல் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கிறது. தொட்டியின் இரு முனைகளுக்கும் கீழே, அடிமட்டத்திலிருந்து சுமார் 2 அடி ஆழத்தில் மாதிரி எடுக்கிறார்கள். பெரிய தொட்டியானால் நடுவிலும் ஒன்று. குழாய் வழி நெடுக 20 அடிக்கு ஒன்றும், எரிபொருள் இயந்திரம் ஒவ்வொன்றின் கீழும் ஒன்றும் எடுக்கிறார்கள். தோண்டிக் குவித்த மண்ணில் தனியாகச் சில. குழியில் தண்ணீர் நின்றால், நீர்மட்டம் தொடும் பக்கச் சுவர்களிலிருந்து மண்ணும், கூடவே நீரும் எடுக்கிறார்கள். இவையெல்லாம் குறைந்தபட்சமே. நிறம் மாறிய இடமோ கருவி காட்டிக்கொடுக்கும் இடமோ இருந்தால் அங்கும் எடுத்தாக வேண்டும். சுத்தமான மூலையைத் தேடி எடுப்பது சோதனையை ஏமாற்றுவது.

இந்த வேலைக்கு ஆள் குழிக்குள் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. பக்கச் சுவர் சரிந்து ஆள் புதைவதும், அடியில் தேங்கும் ஆவியால் மயங்கி விழுவதும் நடக்கக்கூடியவை. இயந்திரத்தின் வாளியால் குறித்த இடத்து மண்ணை அள்ளி மேலே கொண்டுவரச் செய்து, வாளியின் உலோகத்தில் படாத நடுப்பகுதியிலிருந்து உடனே எடுப்பதே முறை.

‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பென்சீன் போன்றவை திறந்த மண்ணிலிருந்து நிமிடக்கணக்கில் பறந்துபோகும். முன்பெல்லாம் அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் கரண்டியால் மண்ணை நிரப்பி மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மீண்டும் திறந்து, கொஞ்சம் எடுத்து எடைபோட்டுச் சோதித்தார்கள். இரண்டு முறை திறந்ததில் தேடிய பொருளின் பெரும்பகுதி காற்றில் போய்விட்டது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க முகமை 5035 என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது இதனால்தான். சிறு குழல் கருவியால் மண்ணைக் குலைக்காமல் ஒரே குத்தில் எடுத்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும். அல்லது அந்த இடத்திலேயே மெத்தனால் ஊற்றிய குப்பியில் போட்டுவிட வேண்டும். காற்றுப் புகாத குழலில் எடுத்ததை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் பதப்படுத்திவிட வேண்டும். அதுவரை பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகை அளவில் வைத்திருக்க வேண்டும். கையிலிருந்து கைக்கு மாறும்போதெல்லாம் நேரமும் கையொப்பமும் கொண்ட ஒப்படைப்புச் சீட்டு கூடவே போக வேண்டும். வெயிலில் காரின் பின்புறம் நாலு மணி நேரம் கிடந்த மாதிரி, எத்தனை நல்ல ஆய்வகத்துக்குப் போனாலும், அறிக்கையில் பொய்தான் சொல்லும். அதுவும் நிலத்தை விற்பவருக்குச் சாதகமான பொய். இத்துறையில் நிகழும் பிழைகளிலேயே இதுதான் கொடியது. மற்ற பிழைகள் கூட்டியும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். இது குறைத்து மட்டுமே காட்டும்.

அதே காரணத்தால், பல இடத்து மண்ணை ஒரு வாளியில் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பும் உரச் சோதனைப் பழக்கம் இங்கே உதவாது. வயலின் சராசரிச் சத்தை அறிய அது சரி. இங்கே கலக்கும்போதே ஆவி போய்விடும். போகாவிட்டாலும் கெட்ட மூலையின் அளவு நல்ல மண்ணில் நீர்த்துவிடும்.

களத்தில் கையடக்கக் கருவிகளுக்கு ஓர் இடம் உண்டு. புற ஊதா ஒளியால் ஆவி மூலக்கூறுகளை மின்னேற்றி அளக்கும் கருவி பரவலாகப் பயன்படுகிறது. மண்ணைப் பையிலிட்டுக் கட்டி, சில நிமிடம் விட்டு, பைக்குள் சேர்ந்த ஆவியை அது அளக்கிறது. எந்தப் பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்புவது, எதுவரை தோண்டுவது என்று முடிவெடுக்க அது நல்ல துணை. ஆனால் ஈரம் அதிகமானால் அது தடுமாறும். எளிதில் ஆவியாகாத டீசலையும் கனமான எண்ணெயையும் சரியாகக் காட்டாது. எனவே கருவி பூஜ்யம் காட்டியதை மட்டும் வைத்துக் குழியை மூடக்கூடாது. முகர்ந்து பார்ப்பதோ அளவும் ஆகாது, உடலுக்கும் கேடு.

ஆய்வகத்திடம் எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் விடை வரும். பெட்ரோல் தொட்டிக்கு மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவோடு பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் நாப்தலீனும் தனித்தனியே வேண்டும். டீசலுக்குக் கனமான பகுதியும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் வேண்டும். பழைய என்ஜின் ஆயில் ஊற்றி வைத்த தொட்டியானால் உலோகங்களும் குளோரின் கலந்த கரைப்பான்களும் சேர வேண்டும். தொட்டியின் வயதும் பட்டியலை மாற்றும். இந்தியாவில் 2000 பிப்ரவரிக்குப் பிறகே நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அதற்கு முந்தைய தொட்டிக்கு அடியில் ஈயத்தையும், ஈயத்தோடு சேர்க்கப்பட்ட எத்திலீன் டைபுரோமைடையும் தேடியாக வேண்டும். அமெரிக்கக் குடிநீரில் பின்னதற்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம், அதாவது பென்சீன் வரம்பில் நூறில் ஒரு பங்கு.

மொத்தப் பெட்ரோலிய அளவைப் பற்றி அறிஞர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. அது ஒரு பொருளின் பெயரன்று, நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கூட்டுத்தொகை. ஒரே அளவு காட்டும் இரண்டு மாதிரிகளில் ஒன்று புதிய பெட்ரோலாகவும் மற்றது ஆண்டுக்கணக்கில் சிதைந்து நச்சு குறைந்த எச்சமாகவும் இருக்கலாம். இலைதழை மக்கிய மண்ணின் இயற்கைக் கரிமப் பொருள்கூட டீசல் அளவாகத் தோன்றும். அதைப் பிரிக்கச் சிலிக்கா ஜெல் வழியே வடிக்கிறார்கள். ஆனால் அந்த வடிப்பு, எண்ணெய் சிதையும்போது உருவாகும் பொருட்களையும் சேர்த்தே நீக்கிவிடும் என்பதால் அதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. இரு அளவுகளையும் அறிக்கையில் தருவதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்ற எண் பக்கத்தில் இருக்கும். மாதிரி மிக மாசானதாக இருந்து ஆய்வகம் அதை நீர்த்துச் சோதித்திருந்தால் அந்த எண் உயர்ந்துவிடும். வரம்பைவிட உயர்ந்த அளவுக்குக் கீழே ‘இல்லை’ என்று சொல்வது விடையே ஆகாது.

சரி, மாசு இருக்கிறது என்று தெரிந்தபின் எவ்வளவு தோண்டினால் போதும்? எல்லா இடத்துக்கும் ஒரே எண் வைக்கும் நாடுகள் உண்டு. நெதர்லாந்து தலையீட்டு அளவு என்ற ஒன்றை வைத்தது. சராசரி மண்ணில் கிலோவுக்கு பென்சீன் 1.1 மில்லிகிராம், கனிம எண்ணெய் 5,000 மில்லிகிராம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் எண் மாறுகிறது. 1995இல் அங்கே வெளியான இ1739 என்ற தரநிலை, இடத்தின் அபாயத்தைப் பொறுத்துப் படிப்படியாக முடிவெடுக்கும் முறையைப் பரப்பியது. பக்கத்தில் கிணறு இருக்கிறதா, மண் எப்படிப்பட்டது, மேலே யார் வாழப்போகிறார்கள் என்று பார்த்து இலக்கை வகுப்பது அதன் போக்கு.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் நூற்றுக்கணக்கான கசிவுகளை ஆராய்ந்து, பென்சீன் பரவல் பெரும்பாலும் 250 அடிக்குள் நின்றுவிடுகிறது, மண்ணின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன என்று சொன்னது. எல்லாவற்றையும் தோண்டி எடுத்தே தீர வேண்டும் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது. வீண் செலவு குறைந்தது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே சான்டா மோனிகா நகரம் அதற்கு வேறொரு பாடம் சேர்த்தது. பெட்ரோலில் ஆக்சிஜன் கூட்டச் சேர்த்த எம்டிபிஇ என்ற பொருள் பென்சீனைவிடப் பல மடங்கு கூடுதலாக நீரில் கரையும், நுண்ணுயிர்களுக்கு எளிதில் மசியாது, நீரோடு நெடுந்தொலைவு போகும். சார்நாக் கிணற்றுத் தொகுதியில் அது கலந்தது தெரிந்து 1996இல் கிணறுகள் மூடப்பட, நகரம் தன் நீர் வளத்தில் ஏறத்தாழ பாதியை இழந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி அந்த நீரை மீண்டும் பயன்படுத்த ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. ஒரு சேர்மத்தின் நடத்தையை வைத்து இன்னொன்றுக்கு உறுதி சொல்ல முடியாது.

இது நமக்கு இன்று நேரடியாகப் பொருந்தும். இந்தியப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கப்படுகிறது. எத்தனால் தானே பெரிய நஞ்சாக நிலைக்காது. ஆனால் கசிந்த இடத்தில் நுண்ணுயிர்கள் அதை முதலில் உண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பென்சீனின் சிதைவு தள்ளிப்போக, அது கூடுதல் தொலைவு பரவ இடம் ஏற்படுகிறது. பழைய பெட்ரோலை வைத்து வகுத்த நம்பிக்கைகளைப் புதிய பெட்ரோலுக்கு அப்படியே ஏற்றக்கூடாது.

அமெரிக்க ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டைகள் உண்டு. வீட்டைச் சூடேற்ற வீட்டுத் தோட்டத்தில் புதைத்த எண்ணெய்த் தொட்டிகள் மத்திய விதிகளுக்குள் வரவில்லை. நியூ ஜெர்சி, ஓரிகன் போன்ற மாநிலங்கள் தாமாகவே தனித் திட்டங்கள் வகுத்தன. இயற்கை எரிவாயு வந்தபின் மறக்கப்பட்ட அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் வீடு கைமாறும்போதுதான் நினைவுக்கு வருகின்றன. அப்போது செலவு யார் தலையில் என்ற வழக்கு தொடங்குகிறது. மற்றொன்று, தொட்டியை எடுக்காமல் உள்ளேயே மணலோ கான்கிரீட் குழம்போ நிரப்பிவிடும் வழி. மேலே கட்டடம் இருந்தால் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மண்ணை எளிதில் எடுக்க முடியாமல், பக்கங்களில் துளையிட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. வசதிக்காக மட்டும் அதை அனுமதிப்பது தவறு.

எடுப்பவர் யார் என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. தொட்டியை அகற்றும் ஒப்பந்தக்காரரே மண்ணும் எடுத்து, அவரே அறிக்கையும் கொடுத்தால், குழியை விரைவில் மூடும் அவசரம் மாதிரி எடுக்கும் கையையும் பிடித்துக்கொள்ளும். உரிமம் பெற்ற தனி ஆளோ, உள்ளூர் அதிகாரி ஒருவர் நேரில் நிற்பதோ வேண்டும். சில மாநிலங்களில் இப்படி நடக்கிறது. இதை எல்லா இடத்திலும் கட்டாயமாக்காதது இன்றும் குறையே.

தமிழர் வாழும் நிலங்களுக்கும் இந்த அனுபவம் அந்நியமில்லை. வடசென்னைத் தண்டையார்பேட்டையில் 2013இல் குடியிருப்புகளின் நிலத்தடி நீரில் பெட்ரோலியம் கலந்தது தெரியவந்தது. அங்கே கசிந்தது தொட்டியன்று, புதைக்கப்பட்ட எரிபொருள் குழாய். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் மக்கள் போராட்டமாகி, 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே நீர் ஓடும் குடாநாட்டில், மேலே சிந்தியது கிணற்றை எட்ட அதிக நாள் ஆகாது. அந்த வழக்கின் பாதையில் வெவ்வேறு ஆய்வு அறிக்கைகள் வெவ்வேறு விதமாகப் பேசின. எதைத் தேடுவது, எங்கே எடுப்பது என்று முன்கூட்டியே வகுத்த முறை இல்லாத இடத்தில் மக்கள் எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல் தவிக்க நேர்கிறது. இரண்டு ஊரிலும் தண்ணீர் கெட்ட பிறகே சோதனை வந்தது.

இந்தியாவில் பெட்ரோலியச் சட்டம் 1934ஆம் ஆண்டினது, விதிகள் 2002ஆம் ஆண்டின. தீயையும் வெடிப்பையும் தடுப்பதே அவற்றின் முதல் நோக்கம். புதிய பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும், இடநெருக்கடியில் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டியது. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களை நிர்வகிக்கும் விதிகள் வந்தன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட, மாநில வாரியம் ஆராய்ந்து சீர்செய்ய வழிவகுப்பது அவற்றின் ஏற்பாடு. வரவேற்க வேண்டிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஏற்பாடு தொடங்குவது சந்தேகத்திலிருந்து. மூடிய குழியைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை. கிணற்றில் வாடை வந்த பிறகே சந்தேகம் வரும்.

எனவே கேட்க வேண்டியது இதுதான். நிலத்தடி எரிபொருள் தொட்டி எதையும் எடுக்கும்போதும், மாற்றும்போதும், புதைத்தபடியே மூடும்போதும், குழி நிரப்பப்படுமுன் சுயேச்சையான ஆள் மண் எடுத்துச் சோதிப்பது விதியாக வேண்டும். எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகள் மட்டுமன்றி, பேருந்துப் பணிமனைகள், ஆலைகள், ஜெனரேட்டருக்காக டீசல் புதைத்து வைத்த கட்டடங்கள் எல்லாம் அதில் அடங்க வேண்டும். மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தோடு அந்த அறிக்கை, நிலத்தின் ஆவணங்களோடு யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒரு தொட்டியை எடுக்கும் செலவில் இந்தச் சோதனை சிறு பங்கே. பின்னால் நிலத்தடி நீரைச் சீர்செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

விதி வரும்வரை, முன்பு பங்க்கோ பணிமனையோ இருந்த மனையை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு இன்னொரு தாளையும் கேளுங்கள்: தொட்டி எடுத்த நாளின் மண் அறிக்கை. அது இல்லையென்றால், பணம் கொடுப்பதற்கு முன் தொட்டி இருந்த இடத்தில் துளையிட்டு மண்ணையும், அருகிலுள்ள கிணற்று நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு அடித்தளம் போட்ட பிறகு அந்தக் கேள்விக்குச் செலவு செய்ய வேண்டியவர் நீங்கள் மட்டும்தான்.